பிரிண்டர் சொன்னால்தான்

"அண்ணாச்சி, டோனர் தீரப்போவுது. இன்னைக்கே மாத்திருங்க."

ஜெராக்ஸ் கடைப் பிரிண்டர் போனில் பெண்குரலில் கூப்பிட்டதும், செம்புலிங்கம் பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு ஓடினான். அவன் மனைவி பேச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேப்பர் கட்டு சுமந்து சுமந்து அவள் இடுப்பு விட்டுப்போய் மாதக்கணக்காகிறது. "ஏங்க, முடியலைங்க" என்று எத்தனை தடவை சொன்னாலும், "நேத்து நல்லாத்தானட்டி இருந்த?" என்பான்.

மறுநாள் அவன் வெளியே போயிருந்தபோது பிரிண்டர் முன்னால் போய் நின்றாள்.

"ஏ மகராசி, நீ கூப்பிட்டா மட்டும் ஓடியாராரு. எனக்காவவும் ஒரு வார்த்தை சொல்லேன்."

"சரி மதினி" என்றது அது.

சற்று நேரத்தில் செம்புலிங்கம் ஆட்டோவோடு வந்து இறங்கினான்.

"ஏட்டி, இடுப்பு இம்புட்டு மோசம்னு நீ சொல்லியிருக்கக் கூடாதா? வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

பேச்சி இடுப்பைப் பிடித்தபடி குனிந்து, பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினாள்.