ஆல்ப்ஸுக்கு ஒரு டிக்கெட்

விமானத்தில் போய்வர ஒருவருக்கு ஆயுளில் ஒரே ஒரு முறைதான் அனுமதி. வடிவாம்பாள் தன்னுடையதை அறுபது வயதுவரை தொடாமல் வைத்திருந்தாள். ஆல்ப்ஸ் மலைக்கு இருவர் பெயரையும் பதிந்தபோது, கணவர் மாசிலாமணியின் பெயரை முன்பதிவுத் திரை ஏற்கவில்லை.

"இந்தச் சட்டம் வர்றதுக்கு முந்தி கொத்து வேலைக்குத் துபாய் போனேன்ல, அதையும் கணக்குல சேத்துட்டாங்க. அதுலயே என் முறை தீந்துபோச்சாம்" என்றார் அவர்.

"அப்ப நானும் போகல. நீங்க இல்லாம எனக்கு எதுக்கு மலை?"

"அடி கிறுக்கி, நான் பாத்ததெல்லாம் வெறும் மணலு. நீயாவது பனியப் பாத்துட்டு வந்து சொல்லு. குரங்குக் குல்லா வாங்கித் தாரேன்."

அவள் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜன்னலோர இருக்கை வேண்டுமா?" என்று திரை கேட்டது.

எதற்கும் அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லிப் பழகியவள், திரையைப் பார்த்தே சொன்னாள்: "ஆமா, வேணும்."