நண்டுகளின் முன்பக்கம்

உங்கள் கட்டளைக்கு எல்லோரும் தலையாட்டிவிட்டால் நிம்மதியாக உறங்கிவிடுவீர்களா?

குளம் வற்றிவிட்டது. கொக்குகள் வருவதற்குள் நண்டுகள் வாய்க்காலை அடைந்தாக வேண்டும். நண்டுத் தலைவர் கல்மேல் ஏறி, "முன்னேறுங்கள்!" என்று முழங்கினார்.

"உத்தரவு தலைவரே!" என்று கூவிய நண்டுகள், பக்கவாட்டில் பாய்ந்து ஒன்றோடொன்று மோதி உருண்டன.

"அட மூடர்களே, முன்னே என்றேனே!"

கவிழ்ந்து கிடந்த நண்டொன்று கேட்டது: "எது முன்னே தலைவரே, கண் பார்க்கும் பக்கமா, கால் போகும் பக்கமா?"

தலைவர் பக்கவாட்டிலேயே கல்லைவிட்டு இறங்கினார். "அதோ, அந்தத் தாழம்புதருக்கு அடியில் வாய்க்கால். எங்கே போகிறாய், நீ சொல்!"

"தாழம்புதருக்கு!"

"நீ?"

"தாழம்புதருக்குத்தான்!"

கொக்குகள் வந்தபோது குளத்தில் வெறும் சேறே இருந்தது.

தலைமை ஏற்றவர்களே, உங்களவரை இன்றே அழையுங்கள். எங்கே போகிறோம் என்று அவர்களையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்!