கடைசி வரி

"மாஸ்டர், அட்டையில கடைசி வரி என்ன எழுதியிருந்தீங்க?"

தபால்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, பெஞ்சில் மல்லாந்து படுத்தார். மத்தியானம். ஜிம்மில் ஈ காக்கை இல்லை.

"அதை விடு. எத்தனை செட்டு போடறே?"

"எட்டு."

"நான் எழுதினது அஞ்சுய்யா!"

சுவரில் தொங்கிய பயிற்சி விதி அட்டை, மாஸ்டர் இருபது வருஷத்துக்கு முன் எழுதியது. அதில் கை வைக்காதவர்களே இல்லை. ஐந்து எட்டாயிற்று. செட்டுக்கு நடுவே மூன்று நிமிட ஓய்வு ஒரு நிமிடமாயிற்று. வாரத்தில் ஒருநாள் விடுமுறையை எவனோ அடித்தே விட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. கடைசி வரியில் மட்டும் யாரோ கறுப்புப் பெயின்ட்டைப் பூசியிருந்தார்கள்.

"தனியாவா இருக்கே?" மாஸ்டர் கேட்டார்.

"சேச்சே! வீட்டுக்காரி ஒன்பது மாசம். தலைமாட்டுல ஆள் இல்லாம தூக்க மாட்டேன்னு அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். இன்னிக்கு நூறு கிலோ, மாஸ்டர்!"

சத்தியத்தை மீறாததில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

"யார் நிக்கிறா?"

"தாடிக்காரர்தான். நான் படுத்தா வந்துடுவார். எழுந்து திரும்பறதுக்குள்ள ஆளைக் காணோம். வாயே திறக்க மாட்டார், தங்கமான மனுஷன்."

படுத்த நிலையில் தபால்காரருக்குத் தெரிவதெல்லாம் தலைகீழாக ஒரு தாடியும் இரண்டு கைகளும்தான். கைகள் எப்போதும் கம்பிக்குக் கீழே, தொடாமல், ஏந்தத் தயாராக இருக்கும்.

மூச்சை இழுத்துக் கம்பியைத் தாங்கியிலிருந்து எடுத்தார். மெல்ல நெஞ்சுக்கு இறக்கினார்.

"சாவி உன்கிட்டதானே இருக்கு?" மாஸ்டர் கேட்டார். "அவர் எப்படி உள்ள வந்தார்?"

தபால்காரர் கண்ணை மட்டும் கதவுப் பக்கம் திருப்பினார். கதவை உள்பக்கம் தாழிட்டது அவரேதான்.

"தெ... தெரியல மாஸ்டர். அந்த வரி என்ன, சொல்லுங்க!"

"எல்லாரும் சிரிச்சாங்கய்யா, பெயின்ட் அடிச்சுட்டாங்க. 'தலைமாட்டில் தாடி தெரிந்தால், கம்பியை வைத்துவிட்டு எழுந்து ஓடு.' அதான் எழுதியிருந்தேன்."

தபால்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பலமெல்லாம் கூட்டித் தள்ளினார். கம்பி அசையவில்லை.

தாடிக்காரரின் இரண்டு கைகளும் இன்று கம்பிக்கு மேலே இருந்தன.