அடைகாத்த பேட்டரி

பனிச்சிறுத்தையைப் படமெடுக்க மலையேறி வந்த அருள்தாஸ், குளிரில் சார்ஜ் இறங்கிவிடாதபடி கடைசி பேட்டரியை அக்குளில் வைத்து அடைகாத்தான். தனிமை தாளாதபோது மட்டும் அதைக் கேமராவில் போட்டு, மகள் விளையாட்டாக எடுத்த வீடியோவை ஓடவிடுவான். லென்ஸை அவள் விரல் மறைத்திருந்ததால் திரை முழுக்க இருட்டு. குரல் மட்டும் கேட்கும்.

"ப்பா, இதுல எத அமுக்கணும்?"

இன்றும் கேட்டான். மனசு ஆறாமல் மறுபடியும் கேட்டான். குரல் பாதியில் நின்றுபோனது.

நிமிர்ந்தால், எதிர்ப்பாறையில் சிறுத்தை. பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். கேமராவில் அசைவில்லை. சூடு பட்டால் ஒரு படத்துக்காவது உயிர் வரும் என்று பேட்டரியைக் கழற்றி அக்குளில் செருகிக்கொண்டான்.

சிறுத்தை போகவில்லை. பின்னங்கால்களை மடித்து, அவனைப் பார்த்தபடி உட்கார்ந்தது.