ஊசி முனையளவு துளை

உலகில் எஞ்சிய ஏழு செங்கெண்டைகளும் அரசு எங்கள் வீட்டில் வைத்திருந்த கண்ணாடித் தொட்டியில் இருந்தன. மின்சாரம் நின்றால், தொட்டியின் நீர் மோட்டார்க் குழாய் வழியே திரும்பி இறங்கித் தரையில் வழிந்துவிடும். மீன்கள் தொட்டியின் அடிமணலில் துடித்துச் சாகும். ஆகவே, மின்சாரம் வரும்வரை நானோ என் மனைவி மரகதவல்லியோ குழாயை மடக்கி அழுத்திப் பிடித்து நிற்போம்.

“ஊசியைச் சுட்டு, குழாயில தண்ணிக்கு மேல ஒரு ஓட்டை போட்டா காத்து புகுந்து தண்ணி தானா நின்னுடும். அறிவியல் வாத்தியாருக்கு இது தெரியாதா?” என்று அவள் சிரிப்பாள்.

“அரசு முத்திரையிட்ட குழாய். துளைப்பதோ கட்டுவதோ குற்றம்” என்பேன்.

நேற்று முன்தினம் நண்பகலில் நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, சமையலறையிலிருந்து, “என்னங்க, நெஞ்சை அடைக்குது” என்றாள்.

“சற்றுப் பொறு, மின்சாரம் வந்துவிடும்” என்றேன்.

வருவதற்கு அரைமணி நேரமாயிற்று.

இன்று மீன்களை எண்ண வந்த அதிகாரி, “ஏழும் நல்லா இருக்கு. அம்மா எங்க ஐயா? காபி வாசனையே காணோமே?” என்றார்.

நான் அடுப்பை மூட்டி, அவளுடைய தையல் ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, அவர் கண்ணெதிரே குழாயைத் துளைத்தேன்.

“ஐயா, இது குற்றம்!”

“எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தாமதமாகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.”