நெடிக்குப் பின்னால்

கொரியாவின் மொக்போ துறைமுகத்துச் சந்தில், புளிக்க வைத்த திருக்கை மீன் விற்கும் கடையின் பின்கட்டில், போகிம் ஒரு ஜாடியின் மூடியைத் திறக்கிறாள். மதிய வெயில் ஜாடியின் விளிம்பில் மட்டும் விழுகிறது. அவள் மோந்து பார்த்துப் பதம் சொன்னால்தான் மீன் விற்பனைக்குப் போகும். குளிர்காலக் காய்ச்சலோடு போன மோப்பம் இன்னும் திரும்பவில்லை. கடையில் பதம் அறிந்த வேறு மூக்கும் கிடையாது. அவள் குனிந்து மூச்சை இழுக்கிறாள். கண்ணில் நீர் கொட்டுகிறது. எதிரே நிற்கும் கணவன் சாங்டுக், மகளின் பெயரைச் சேர்த்து அவளை அழைத்துத் துள்ளுகிறான். “வந்துடுச்சு பாரு, ஹேரி அம்மா! ஊரையே விரட்டுற நாத்தம், உன் மூக்க மட்டும் விட்டுடுமா?”

“சும்மா இருங்க. இது வெறும் நெடி. எரிச்சலுக்கு வேற நரம்பு, வாசனைக்கு வேற நரம்புன்னு டாக்டர் சொன்னாருல்ல?”

“செத்த நரம்பு புதுசா முளைக்கும்னும்தான் சொன்னாரு.”

“முளைக்கலாம்னாரு.”

வெளியே ஒரு படகின் இயந்திரம் இருமி நிற்கிறது. போகிம் மறுபடி குனிகிறாள். நெடி அறைகிறது, அவள் முகத்தை எடுக்கவில்லை. விளிம்பைப் பற்றிய விரல்கள் வெளுக்கின்றன. எரிச்சல் மரத்துப்போகும்வரை காத்திருக்கிறாள். அதற்குப் பின்னால், மிக மெல்ல, மழையில் கிடந்த வைக்கோல்போல் ஏதோ ஒன்று.

“அடியில வைக்கோல் அழுகியிருக்கு.”

“எனக்கு ஒண்ணும் தெரியலியே.”

சாங்டுக் முழங்கைவரை கைவிட்டு, மீன்துண்டுகளுக்கு அடியில் பரப்பிய வைக்கோலில் ஒரு பிடியை உருவுகிறான். கறுத்து, கொழகொழவென்று, அது அவன் விரல்களில் தொங்குகிறது. ஜாடி முழுவதும் வீண். அவள் அதன் பக்கம் மூக்கை நீட்டுகிறாள்.

“இன்னும் கிட்டக் கொண்டாங்க,” என்கிறாள் போகிம்.