லாரித் தலையில் இறகு

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரி ஒன்றின் உச்சியில் முழ நீளச் சிவப்பு இறகுக் கொத்து ஆடியது.

"பொழப்புக்குப் போற வண்டியா, ஊர்வலம் போற வண்டியா? நாளையிலிருந்து நீ வர வேண்டாம்," என்றார் முதலாளி நல்லசிவம். டிரைவர் செங்கோடன் வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார்.

தினமும் மாலையில் ஆங்கில வகுப்புக்குப் போகும் அலுவலகக் கிளார்க் கோகிலா தயங்கிச் சொன்னாள். "இந்த மாதிரி பகட்டுக்கு இங்கிலீஷ்ல 'பனாஷ்'னு பேருங்க. முதல்ல அது தலைக்கவசத்துல செருகற இறகுக்குத்தான் பேராம். போர்க்களத்துல வீரருங்க அதைப் பார்த்துத் தலைவன் பின்னால போவாங்களாம்."

"இவன் பின்னால எந்தப் படை போகுது?"

"நான் கட்டலீங்க," என்றார் செங்கோடன். "பின்னால குழாய் லாரி ஓட்டிட்டு வர்ற உங்க பையன்தான் கட்டினாருங்க. போன மாசம் டோல்கேட்டுல வேற கம்பெனி ரிக்கை நம்முளுதுன்னு நெனச்சு, அது பின்னாலயே நாக்பூர் வரைக்கும் போயிட்டாருங்க."

"டயர் வெடிச்சு ரெண்டு நாள் லேட்டுன்னியே?"

"அப்படிச் சொல்லச் சொன்னதும் அவருதானுங்க."

நல்லசிவம் இறகை அண்ணாந்து பார்த்தார்.

"செங்கோடா, நாளைக்கு வரும்போது இதைவிடப் பெருசா ஒண்ணு வாங்கிட்டு வா சாமி."